வெள்ளிக்கிழமைப் பள்ளம்

பேசவும் படம் அனுப்பவும் எல்லாரும் பயன்படுத்திய தாரகா கம்பெனி இனி மின்சாரமும் விற்கப்போகிறது என்று செய்தி வந்தபோது, உடுமலைப்பேட்டையில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "பேச்சை வித்தவனுக்குக் கரண்ட்டு விக்கத் தெரியாதா?" என்று டீக்கடையில் சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போனார்கள். ஆச்சரியம் பிறகுதான் வந்தது.

தாரகாவின் கம்ப்யூட்டர் கூடங்களுக்கு மின்சாரம் எவ்வளவு கிடைத்தாலும் போதவில்லை. அதனால் கம்பெனி முதலில் ஊருக்கு மேற்கே நின்ற காற்றாலைகளை வாங்கியது. அதுவும் பற்றாமல் வீட்டுக் கூரைகளுக்கு வந்தது. கூரைமேல் சூரியத்தகடு, கூடத்துச் சுவரில் மின்சாரத்தைச் சேமித்து வைக்க ஒரு பெட்டி, எல்லாம் இலவசம். ஊர் அதைப் 'பொட்டி' என்றே கூப்பிட்டது. பொட்டிக்குப் பேசத் தெரியும். "காந்திநகர் பிரசவ ஆஸ்பத்திரிக்குக் கொஞ்சம் மின்சாரம் தேவைப்படுகிறது. தரலாமா?" என்று கேட்கும். "தரலாம்" என்று வீட்டில் ஒருவர் சொன்னால் போதும், மின்சாரம் தெருக்கம்பி வழியே அங்கே போய்விடும். கொடுத்தது பிறகு காற்றடிக்கும் நாளில் திரும்பி வரும். யாருக்காகக் கேட்கிறது என்பதைப் பொட்டி சொல்லியே ஆக வேண்டும், கேட்காமல் எடுக்கவே கூடாது என்று சட்டம் இருந்தது.

அந்தச் சட்டம் வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. வேறு ஒரு மாநிலத்தில் வேறு ஒரு கம்பெனி, தூங்கும் வீடுகளிலிருந்து சொல்லாமல் கொள்ளாமல் மின்சாரத்தை எடுத்தது. மூச்சிரைப்புக்காரர் ஒருவருடைய மருந்துக் கருவி பாதியில் நின்றுபோனது. அவர் பிழைக்கவில்லை.

மிருதுளா இதையெல்லாம் அறிந்துதான் தாரகாவில் சேர்ந்தாள். உடுமலைக்கு அவள்தான் பொறுப்பாளர். பழனி ரோட்டில் பழைய லாட்ஜ் ஒன்றின் மாடியில் அவளுடைய கட்டுப்பாட்டு அறை. பொட்டி மாட்டிய காலத்தில் அவளே வீடு வீடாகப் போய், "கேக்காம எடுக்க மாட்டோமுங்க, அதுக்கு நான் பொறுப்பு" என்று சொல்லியிருந்தாள். ஊர் கம்பெனியை நம்பிப் பொட்டி வாங்கவில்லை. மகேஸ்வரியின் மருமகள் மிருதுளாவை நம்பித்தான் வாங்கியது.

இன்னொரு வாக்கையும் அவள் கொடுத்திருந்தாள், அது கணவனுக்கு. கவின் ஊர் ஓரத்தில், வீட்டை ஒட்டியே, கோழிக்குஞ்சு பொரிக்கும் ஹேச்சரி நடத்தினான். "இனிமேல் ஜெனரேட்டர் எதுக்கு மாமா? பத்தாயிரம் பொட்டி பின்னாடி நிக்குது. ஒண்ணு இல்லாட்டி ஒண்ணு கொடுக்கும்" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை, தோசை சுட்டுக்கொண்டே அவள் சொன்னாள். அடுத்த மாதம் அவன் ஜெனரேட்டரை விற்றுவிட்டு, அந்த இடத்தில் அவளுக்காக ஒரு மல்லிகைப் பந்தல் போட்டான்.

ஐப்பசியில் வானம் மூடிக்கொண்டது. நாலு நாளாக வெயில் முகம் காட்டவில்லை. காற்றும் நின்றுபோய், மேற்கே வரிசை வரிசையாக நின்ற காற்றாலைகள் மழையில் அசையாமல் நனைந்தன. வெள்ளிக்கிழமை மதியம் மலைச்சரிவில் மண் இறங்கி, வெளியூரிலிருந்து மின்சாரம் கொண்டுவந்த கோபுரம் ஒன்று சாய்ந்தது. ஊர் தனித்தீவாகிவிட்டது. கோபுரத்தை நிமிர்த்த மறுநாள் ஆகிவிடும். அதுவரை வீடுகளில் சேர்த்து வைத்ததுதான் மிச்சம்.

மிருதுளா பதறவில்லை. ஆஸ்பத்திரிகளுக்கும் குடிதண்ணீருக்கும் தனிச் சேமிப்பு இருந்தது. வீட்டுப் பொட்டிகள் பாதிக்குமேல் நிறைந்திருந்தன. கணக்குப்படி ஊர் தாங்கும்.

விளக்கு வைக்கும் நேரத்தில் கவின் கூப்பிட்டான்.

"அம்மணி, ஹேச்சரிப் பொட்டி கடகடன்னு இறங்குது. பொரிக்கிற ரூம்ல இன்னைக்கு இருபதாயிரம் முட்டை நிக்குது. ஓடு கொத்த ஆரம்பிச்சிருச்சு."

"வெளியே குளுருதே, அதனாலயா?"

"சூட்டுக்கு இல்ல புள்ள, மூச்சுக்கு. கடைசி நாள் முட்டை தானே சூடாகும். ஃபேன் ஓடலைன்னா உள்ளயே வெந்து மூச்சடைச்சுப் போயிரும். கதவைத் திறந்து வெச்சுட்டு அட்டைய வெச்சு விசிறிட்டு இருக்கேன். வாடகைக்கு ஜெனரேட்டர் கேட்டேன், பொள்ளாச்சி ரோட்டுல தண்ணி, வர முடியாதுங்கறாங்க."

"பொட்டி ஊரைக் கேக்குதே, யாராச்சும்..."

"கேக்குது. யாரும் தரலை. நானே போன் பண்ணேன். பெரியப்பாவே, 'காலையில எழுந்ததும் முதல் வேலையா வாங்கிக்க கண்ணு'ங்கறாரு. அம்மா மட்டும் நம்ம வீட்டுப் பொட்டிய மொத்தமா விட்டுட்டாங்க. 'அது கொடுக்கறதுல சேராது, நம்ம வீட்டுக்குள்ளயே மாத்தி வெக்கிறது'ன்னாங்க. அதும் தீரப்போகுது."

அப்போதுதான் மிருதுளாவுக்கு அன்றைக்கு என்ன கிழமை என்பது உறைத்தது.

பெங்களூரில் இருந்த ரித்விக்கின் முகம் திரையில் வந்தது. அவளுடைய மேலதிகாரி, சென்னைப் பையன், நல்லவன், எதையும் வரைபடமாகவே பார்ப்பவன்.

"மிருதுளா, மறுபடியும் உங்க ஊர் வெள்ளிக்கிழமைப் பள்ளம். பாத்தீங்களா? ஆறு மணிக்கு அப்படியே மலையிலேருந்து விழுற மாதிரி விழுது. வாரம் பூரா அள்ளிக் கொடுக்கற ஜனங்க, வெள்ளிக்கிழமை பொழுது சாஞ்சா ஒரு சொட்டு தர மாட்டேங்கறாங்க. ரெண்டு வருஷமா கேக்கறேன். ஏன்னு உங்களுக்கு நிஜமாவே தெரியாதா?"

தெரியும். படித்தவர்கள் நடுவில் சொல்ல வெட்கப்பட்டு இரண்டு வருஷமாகச் சொல்லாமல் விட்டிருந்தாள்.

"வெள்ளிக்கிழமை விளக்கு வெச்சதுக்கப்புறம் வீட்டுலேருந்து எதையும் வெளிய கொடுக்க மாட்டாங்க ரித்விக். உப்பு, பால், தயிர், எதையும். கொடுத்தா லட்சுமி கூடவே போயிருவாங்கன்னு நம்பிக்கை. இப்போ அந்த வரிசையில கரண்ட்டும் சேந்துருச்சு."

அவன் சிரிக்கவில்லை. "இதை ஒரு கம்ப்யூட்டர் எப்படிக் கண்டுபிடிக்கும்?" என்றான். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டான். "உங்ககிட்ட அவசரப் பொத்தான் இருக்கு, ஆபத்துன்னா கேக்காமலே எடுக்கலாம். வயர்ல தீ விபத்து அபாயம்னு பதிவு பண்ணிட்டு அழுத்துங்க. எல்லாப் பொட்டியிலேருந்தும் துளித்துளியா எடுத்துக்கும். யாருக்கும் தெரியக்கூடத் தெரியாது. உங்க வீட்டுக்காரரோட தொழில் இது. நான் கையெழுத்துப் போடறேன்."

மேஜைமேல் கண்ணாடி மூடிக்குள் அந்தச் சிவப்புப் பொத்தான் இருந்தது. மிருதுளா மூடியைத் திறந்துவிட்டாள். அவளுடைய விரல் பொத்தான்மேல் நின்றது.

போன் இன்னும் அணையாமல் இருந்தது. "மிரு, கேட்டுட்டு இருக்கியா?" என்றான் கவின். "ஒண்ணு காட்டறேன்." அவன் போனை முட்டைத் தட்டின் அருகே கொண்டுபோனான் போலும். முதலில் மழைச் சத்தம்தான் கேட்டது. பிறகு அதற்குள்ளிருந்து கீச்சென்று ஒரு குரல், இன்னொன்று, பிறகு எண்ணிக்கையே இல்லாமல். ஓட்டுக்குள் இருந்தபடியே குஞ்சுகள் ஒன்றையொன்று கூப்பிட்டுக்கொண்டிருந்தன. இன்னும் வெளிச்சத்தைப் பார்க்காத இருபதாயிரம் உயிர், இருட்டுக்குள்ளிருந்து பேசியது.

"பக்கத்து முட்டை கத்தினாத்தான் இதும் கொத்தும்" என்றான் கவின். "நீ எதையாச்சும் தப்பாப் பண்ணிப்போடாத. உன்னால ஜெனரேட்டர வித்தேன்னு நான் எந்தக் காலத்துலயும் சொல்ல மாட்டேன். போறது போகட்டும்."

அதைக் கேட்டதும்தான் அவளுக்கு அழுகை வந்தது. அவன் திட்டியிருந்தால் பொத்தானை அழுத்தியிருப்பாள். எந்த முகத்தை வைத்துக்கொண்டு நாளைக்கு அந்தத் தெருவில் நடப்பது? அழுத்தாவிட்டால், எந்த முகத்தை வைத்துக்கொண்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவது?

"மிருதுளா, என்ன பண்றீங்க அங்க?" என்று ரித்விக் திடீரென்று கேட்டான். "ஹேச்சரியிலேருந்து மின்சாரம் வெளிய போகுது."

அவள் திரையைப் பார்த்தாள். அவள் எதையும் தொடவில்லை. செத்துக்கொண்டிருந்த ஹேச்சரிப் பொட்டியிலிருந்து ஒரே ஒரு துளி, ஒரு பல்பு ஒரு நிமிஷம் எரியும் அளவுக்குத்தான் இருக்கும், பக்கத்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. ஊரின் பொட்டிகளையெல்லாம் சேர்த்து நடத்தும் இயந்திரம் தானாகவே கவினிடம் கேட்டு அனுப்பியது அது.

"பைத்தியம் பிடிச்சிருச்சா அதுக்கு? இல்லாத இடத்துலேருந்து எடுத்து இருக்கற இடத்துக்குக் கொடுக்குது. நிறுத்துங்க."

"இருங்க" என்றாள் மிருதுளா.

துளி போய்ச் சேர்ந்த வீடு ராஜாத்தி அக்காவுடையது. இட்லிக்கடை ராஜாத்தி. சாக்கடைத் தண்ணீர் யார் வாசல் வழியாகப் போவது என்ற சண்டையில், ஒரு வருஷமாக மிருதுளாவின் மாமியாரோடு பேச்சுவார்த்தை கிடையாது. தெருவில் எதிர்ப்பட்டால் ஒருத்தி வானத்தையும் ஒருத்தி தரையையும் பார்த்துக்கொண்டு போவார்கள். கொடுக்க மாட்டார்கள் என்று ஒரு வீட்டைச் சொல்லச் சொன்னால் மிருதுளா முதலில் அந்த வீட்டைத்தான் சொல்லியிருப்பாள்.

ராஜாத்தி வீட்டில் பொட்டி பேசியது. அதன் வார்த்தைகள் திரையில் எழுத்தாக ஓடின.

"கவின் ஹேச்சரியிலிருந்து உங்கள் வீட்டுக்குக் கொஞ்சம் மின்சாரம் வந்திருக்கிறது. அவர்களுக்கு அவசரம். நீங்கள் கொஞ்சம் தரலாமா?"

ஒரு மூச்சு விடும் நேரம். பிறகு பதில் வந்தது.

"வந்துருச்சா? அப்பச் செரி. தாராளமாத் தரலாம்."

மிருதுளா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள்.

ஹேச்சரிக்கு வந்ததில் ஒரு துளியை எடுத்து இயந்திரம் அதற்கடுத்த வீட்டுக்கு அனுப்பியது. அந்த வீடு வாங்கியது, பிறகு கொடுத்தது. அங்கிருந்து எதிர் வீடு. பிறகு இரண்டு வீடு, நாலு வீடு, ஒரு தெரு. ஒவ்வொரு வாசலிலும் முதலில் ஒரு துளி வைத்துவிட்டுத்தான் பொட்டி வாய் திறந்தது. "வாங்கினதுக்குக் கொடுக்காம இருக்க முடியுமா" என்றது ஒரு வீடு. "வெறுங்கையா அனுப்பலைல்ல, எடுத்துக்கச் சொல்லு" என்றது இன்னொன்று. கவினின் பெரியப்பா, "அட, இப்பிடி ஒரு வழி இருக்கறது தெரியாமப் போச்சே" என்றார்.

"என்ன நடக்குது?" என்றான் ரித்விக்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. "வெள்ளிக்கிழமை சும்மா கொடுத்தாத்தான் லட்சுமி போவாங்க. ஏதாச்சும் ஒண்ணை வாங்கிட்டுக் கொடுத்தா அது மாத்திக்கறது. அவங்க ஒரு மிளகாய் கொண்டு வருவாங்க, நாம உறை மோர் கொடுப்போம். எங்க வீட்டுலயும் உண்டு. எனக்கே மறந்துபோச்சு. அந்த இயந்திரத்துக்கு யாரு சொன்னாங்க?"

இயந்திரத்திடம் அவளே கேட்டாள். பதில் ஒரு வரியில் வந்தது.

"காரணம் தெரியவில்லை. வெள்ளிக்கிழமை மாலைகளில், சற்று முன் வாங்கிய வீடு மட்டுமே கொடுத்திருக்கிறது."

மிருதுளா ஜன்னலுக்குப் போனாள். கீழே ஊர் முழுவதும் மழையில் கிடந்தது. ஒரு வீட்டின் விளக்கு லேசாக மங்கியது, அது கொடுத்துவிட்டது. அடுத்த வீடு மங்கியது. அதற்கடுத்தது. எந்த வீடும் இருண்டுபோகவில்லை, எல்லாம் கொஞ்சம் தலைதாழ்த்தின. கோவிலுக்குப் பின்னாலிருந்த தெருக்கள், சந்தைப்பேட்டை, ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் என்று அந்த மங்கல், வயலில் காற்று போவதுபோல ஊரின்மேல் போனது. அது போய்ச் சேர்ந்த மூலையில், இருட்டாகவே இருந்த ஹேச்சரியின் ஜன்னல்கள் ஒவ்வொன்றாக மஞ்சளாயின. அப்படி ஒரு காட்சியை அவள் அதற்கு முன் பார்த்ததில்லை. ஓர் ஊர் மூச்சை உள்ளே இழுத்து இன்னொருவருக்காக வெளியே விடுவதைக் கண்ணால் பார்ப்பது போலிருந்தது.

"ஃபேன் ஓடுது மிரு" என்றான் கவின். அவள் பொத்தானின் கண்ணாடி மூடியைச் சத்தமில்லாமல் மூடினாள்.

எல்லாமே பிழைத்துவிடவில்லை. மூலைத் தட்டுகளில் இருந்த முட்டைகள் போய்விட்டன. மற்றவை விடியும்போது மஞ்சள் பஞ்சாகத் தட்டு நிறையத் தத்தித் திரிந்தன. மிருதுளா வீட்டுக்கு வந்தபோது கவின் சட்டைப்பையில் ஒன்றைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றான். அவள் கையில் அதை வைத்துவிட்டு, "ஜெனரேட்டர் வேண்டாம்" என்று மட்டும் சொன்னான்.

அந்த வாரம் முழுக்க ரித்விக் தூங்கவில்லை என்றே சொல்லலாம். வெள்ளிக்கிழமைப் பள்ளத்தை மூட வழி கிடைத்துவிட்டது என்று பெரிய இடங்களில் எல்லாம் பேசினான். உடுமலையில் மட்டுமல்ல, தெற்கே எல்லா ஊர்களிலும் அந்தப் பள்ளம் இருந்தது. அதை மூடினால் பெங்களூரில் புதிதாக ஒரு கம்ப்யூட்டர் கூடமே ஓட்டலாம்.

மிருதுளாவுக்கு அது சங்கடமாக இருந்தது. வாரத்தில் ஒரு மாலையாவது மாட்டேன் என்று சொல்லும் உரிமை இந்த வீடுகளுக்கு இருந்தது. ஒரு வழக்கத்தின் கதவிடுக்கைக் கம்பெனிக்குக் காட்டிக்கொடுத்தது தன் வாய்தானே என்று நினைத்தாள். "வேண்டாங்க" என்று சொல்லிப் பார்த்தாள். "சட்டப்படிதான் கேக்கறோம், எடுத்ததுக்கு மேலயே பின்னாடி திருப்பித் தரோம்" என்றான் அவன்.

அடுத்த வெள்ளிக்கிழமை வந்தது. மேகம் விலகி, காற்றும் வந்திருந்தது. விளக்கு வைத்ததும் ஊரின் எல்லாப் பொட்டிகளுக்கும் ஒரு துளி போனது. போன வாரத்தைவிடப் பெரிய துளி.

"தாரகா நிறுவனத்திலிருந்து உங்கள் வீட்டுக்குக் கொஞ்சம் மின்சாரம் வந்திருக்கிறது. பெங்களூர் கம்ப்யூட்டர் கூடத்துக்கு நீங்கள் கொஞ்சம் தரலாமா?"

பத்தாயிரம் வீடுகளின் பதில் திரையில் வந்து விழுந்தது. "காலையில பாக்கலாம்." "இன்னைக்கு வெள்ளிக்கிழமைங்க." "வேண்டாமுங்க." ஒருவர் இன்னும் மரியாதையாக, "வந்த துளியத் திருப்பி எடுத்துக்கச் சொல்லுங்க, எங்களுக்கு எதுக்கு" என்றிருந்தார்.

வரைபடத்தில் பள்ளம் எப்போதும்போல விழுந்தது. இன்னும் ஆழமாகவே விழுந்தது.

"ஏன்?" என்றான் ரித்விக். கோபம் இல்லை, குழந்தைபோலக் கேட்டான். "அதே முறைதானே. வாங்கினாங்க. ஏன் கொடுக்கலை?"

மிருதுளாவுக்குச் சிரிப்பும் கண்ணீரும் சேர்ந்து வந்தன. "உப்பு கேக்க வர்றவங்க நம்ம வாசல்ல வந்து நிக்கோணும் ரித்விக். நாளைக்கு நாம அவங்க வாசல்ல போய் நிப்போம். கம்பெனிக்கு வாசல் எங்க இருக்கு?"

அவன் பள்ளத்தை இன்னொரு முறை பார்த்தான். "இந்தச் சோதனையை முடிச்சுக்கலாம்" என்றான். போகும்போது கேட்டான்: "ஒண்ணு மட்டும் புரியலை. அந்த நாளைக்கு முன்னாடி வெள்ளிக்கிழமை யாருமே கொடுத்ததில்லை. அப்புறம் 'வாங்கிய வீடு கொடுக்கும்'னு இயந்திரம் எதைப் பாத்துக் கத்துக்கிச்சு?"

அப்போதுதான் அவள் கவனித்தாள். பள்ளத்தின் அடியில் தட்டையாகக் கிடந்த கோட்டில், தூசிபோல ஒரு சிறு மேடு எழுந்தது. இந்த நிமிஷம், இந்த ஊரில், யாரோ இருவர் கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தார்கள். பெரிதாக்கிப் பார்த்தாள். போன வெள்ளிக்கும் முந்தைய வெள்ளியிலும் அதே மேடு. அதற்கு முந்தையதிலும். ஒரு வருஷமாக, விளக்கு வைத்த பிறகு, அதே இரண்டு பொட்டிகள். முதலில் ஒரு துளி அந்தப் பக்கத்திலிருந்து வரும். பிறகு இந்தப் பக்கத்திலிருந்து நிறையப் போகும்.

ஹேச்சரியைக் காப்பாற்றிய பாடத்தை இயந்திரம், இரண்டு வீடுகளுக்கு நடுவிலிருந்த ஒரே ஒரு சுவரிடம்தான் படித்திருந்தது. அந்த இரண்டு வீடுகளின் பெயரையும் பார்த்துவிட்டு அவள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

வீட்டில் மகேஸ்வரி கூடத்தில் உட்கார்ந்து, ஃபேனை நிறுத்திவிட்டு, அட்டையால் விசிறிக்கொண்டிருந்தாள். பூஜை விளக்கைத் தவிர வேறு வெளிச்சம் இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம், ராஜாத்தியின் வீட்டில், மறுநாள் கடைக்கு மாவரைக்கும், ஒரு பொட்டி தாங்காத பெரிய கிரைண்டர் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

மிருதுளா அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அத்தை, ராஜாத்தி அக்காகூடத்தான் பேச்சே இல்லையே?"

"இல்லதான்" என்றாள் மகேஸ்வரி, சுவரைப் பார்த்தபடி. "எனக்கென்ன அவகூடப் பேச்சு? வாசல்ல சாக்கடையத் திருப்பி விட்டவ."

"வாராவாரம் கரண்ட்டு போகுதுங்களே?"

விசிறிக்கொண்டிருந்த கை ஒரு நிமிஷம் நின்றது. மகேஸ்வரி மருமகளை ஏதோ அற்பமான கேள்வி கேட்டவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"பேச மாட்டேன்னுதான் சொன்னேன். அவ கடைக்கு மாவு வேண்டாமா?"

சுவருக்கு அந்தப் பக்கம் கிரைண்டர் நின்றது. கொஞ்ச நேரத்தில், அங்கிருந்து ஒரு துளி திரும்பி வர, இந்தப் பக்கத்துப் பொட்டியின் பச்சை விளக்கு, ஒரு பல்பு ஒரு நிமிஷம் எரியும் அளவுக்கு, மெல்லக் கண் சிமிட்டியது. மகேஸ்வரி அதைப் பார்க்காதவள்போல எழுந்து போய் ஃபேனைப் போட்டாள்.